தண்ணீர் இருக்கிறது

இன்னும் ஒரு டம்ளர் குடித்தால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது, லூர்து அக்காவோ போதாது என்கிறாள். குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரின் மாடியில், சுவரோடு சேர்த்துத் திருகிவைத்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். லூர்து அக்கா இங்கே பெயர் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிறவள். "ஆரம்ப மாசக்காரங்க நல்லா குடிக்கணும்மா. பை ரொம்பினாத்தான் பின்னாடி இருக்கறது தெரியும். இல்லாட்டி டாக்டரம்மா திருப்பி அனுப்பிடும்." தெரியும். போன வருஷமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி குடித்தேன். நிறைந்த மூத்திரப்பை வழியாக ஒலி தடையில்லாமல் போகும், பின்னால் இருக்கிற கர்ப்பப்பையில் பட்டுத் திரும்பி வரும், திரும்பி வருவதைப் படமாக்கிப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் தண்ணீர் வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என் பிழைப்பே கிட்டத்தட்ட இதுதான், ஆனால் என் பிழைப்பில் வருகிற தண்ணீர் நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, அதை அடக்கிக்கொண்டு நான் உட்கார வேண்டியதில்லை. டாக்டர் இன்னும் வரவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் அவசர கேஸ், வந்துகொண்டே இருக்கிறார். இந்த 'வந்துகொண்டே' என்பதற்குள் எத்தனை சிக்னல், எத்தனை மேம்பாலம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நான் கணக்குப் போட்டு, இடைவெளி விட்டு, சரியான நேரத்தில் நிறைகிற மாதிரி குடித்தேன். என் கணக்கில் பிழையில்லை, டாக்டரின் கார்தான் கணக்கில் இல்லை. எதிரே ஏசி பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அந்த வாளியை அங்கே வைத்தவனுக்கு ஈவிரக்கமே கிடையாது. போன் அதிர்கிறது. தில்லை, என் புருஷன். கீழே நிற்கிறான், ஆண்களை மாடியில் விடுவதில்லை. 'கூப்பிட்டாங்களா?' இல்லை என்று அனுப்புகிறேன். ஒரு கட்டைவிரலை அனுப்புகிறான். எதற்குக் கட்டைவிரல்? கூப்பிடாததற்கா? பாவம், அவனுக்கு வேறு எதையும் அனுப்ப அனுமதியில்லை, நான்தான் தடை போட்டிருக்கிறேன். அடக்கு. வேறு எதையாவது நினை. நினைப்பதற்கா பஞ்சம், ஒரு நிலாவையே நினைக்கலாம்.

சனியைச் சுற்றுகிற நிலாக்களில் ஒன்று, பெயர் என்செலடஸ். சின்னது, சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் அடக்கிவிடலாம். மேலே முழுக்கப் பனிக்கட்டி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை, அடியில் இருட்டில் ஒரு கடல். தென்துருவத்தில் நீளநீளமாக விரிசல்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாக அந்தக் கடல் ஆவியும் பனித்தூளுமாக வெளியே பீய்ச்சி அடிக்கிறது, பீய்ச்சி அடிப்பதை நினைக்காதே, காலை மாற்றிப் போட்டு உட்கார், மூச்சை மெதுவாக விடு. ஒரு விண்கலம் அந்தப் பீச்சலுக்குள் புகுந்து போய் முகர்ந்து பார்த்தது. உப்பு இருந்தது, ஹைட்ரஜன் இருந்தது, கரிமச் சேர்மங்கள் இருந்தன. அடுப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அந்த விண்கலத்தைச் சனிக்குள்ளேயே விழவிட்டு எரித்துவிட்டார்கள், எரிபொருள் தீர்ந்து தறிகெட்டு அந்த நிலாவில் மோதி, நம்மூர்க் கிருமி எதுவும் அந்தத் தண்ணீரில் கலந்துவிடக் கூடாது என்று. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு மரியாதை. விண்கலம் அனுப்பிய எண்கள் மட்டும்தான் மிச்சம், அவற்றைத்தான் தரமணியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒரு சின்னக் கூட்டம் திரும்பத் திரும்பச் சலிக்கிறோம். அதில் என் வேலை கொல்வது. யாராவது இதோ ஓர் அடையாளம் என்று குதித்துக்கொண்டு வந்தால், இது கருவியின் கோளாறு, இது பாறையும் வெந்நீரும் செய்கிற வேலை, இது நம் ஆசை என்று ஒவ்வொரு காரணமாகத் தேடி அதைச் சாகடிக்க வேண்டும். நன்றாகவே சாகடிப்பேன். எங்கள் தலைவர் பிலிப் சார், "எமன் மேடம் பார்த்தாச்சா?" என்றுதான் கேட்பார். அவர்தான் வடைச் சட்டம் என்று ஒன்றையும் போட்டவர். கூட்டத்தில் உயிர் என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது, 'விளக்கம் கிடைக்காதது' என்றுதான் சொல்ல வேண்டும், வாய் தவறி உயிர் என்றுவிட்டால் அன்று சாயங்காலம் எல்லோருக்கும் மெதுவடை வாங்கித்தர வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு வடைகூட வாங்கியதில்லை. அந்தச் சட்டத்தைத்தான் வீட்டுக்கும் கொண்டுபோனேன். குச்சியில் இரண்டு கோடு விழுந்த அன்றைக்கே தில்லையை உட்காரவைத்து, குழந்தை என்று சொல்லக் கூடாது, பெயர் யோசிக்கக் கூடாது, என் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றேன். "பின்ன என்னன்னு சொல்றது?" என்றான். விளக்கம் கிடைக்காதது என்று சொல் என்றேன். "எனக்கு விளக்கம் தெரியுமே கோமதி," என்றான் திருட்டு முழி முழித்துக்கொண்டு. சிரித்துவிட்டேன், சிரித்ததற்கு உடனே பயந்தேன். சிரித்தால் யாருக்கோ கேட்டுவிடும் என்பது மாதிரி. யாருக்கு? யாருக்குக் கேட்கும்? இப்படிக் கேள்வி கேட்டால் பதில் இல்லை, ஆனால் பயம் மட்டும் பதில் இல்லாமலேயே நன்றாக உட்கார்ந்துகொள்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் போன் செய்வாள், சாப்பாட்டைக் கேட்பாள், மழையைக் கேட்பாள், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "முழுகாம இருக்கியாட்டி?" என்பாள். எட்டு வருஷமாக அந்தத் தாழ்ந்த குரல். போன வருஷம் ஒரு தடவை ஆமாம் என்று சொன்னேன், சந்தோஷத்தில் போனை வைக்காமலே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள், மூன்று வாரம் கழித்து இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டைக்கு வந்தாள். "ஏட்டி, நாள் முச்சூடும் சனியனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா வயித்துல எப்படிட்டி தங்கும்? வேற கிரகமே கிடைக்கலியா ஒனக்கு?" சனி என்பது வாயுக் கோளம், அதன் வளையம் பனிக்கட்டி, அதற்கு என் வயிற்றைத் தெரியாது என்றெல்லாம் கத்தினேன். கத்தியதெல்லாம் சரிதான். இந்தத் தடவை இரண்டு கோடு விழுந்த மறுநாள் நேராகப் பிலிப் சார் அறைக்குப் போய், கொஞ்ச நாளைக்கு என்னை யூரோப்பா வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். யூரோப்பா வியாழனின் நிலா. அங்கேயும் பனிக்கு அடியில் கடல், போய்க்கொண்டிருக்கிற விண்கலத்தில் பனியை ஊடுருவிப் பார்க்கிற ரேடார் இருக்கிறது, ரேடார் கற்றுக்கொள்ள ஆசை என்று காரணம் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்றார். ரேடாரும் இல்லை, ஆசையும் இல்லை. வியாழன் குரு. குரு பிள்ளைப்பேற்றுக்கு உரியவர் என்று அம்மா வாங்கும் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டிருக்கும். ஊரார் அடையாளங்களையெல்லாம் சாகடிக்கிற எமன் மேடம், காலண்டரின் பின்பக்கத்தை நம்பிச் சனியிலிருந்து குருவுக்கு இடம் மாறிவிட்டாள். தில்லைக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் சாகிற வரை சொல்லிக் காட்டுவான். ஆனால் போன வாரம் ஒரு பழைய கோப்பைத் தேடும்போது என்செலடஸின் படம் திரையில் தானாகத் திறந்துகொண்டது, நான் சட்டென்று கையை வயிற்றின் மேல் வைத்து மறைத்தேன். படத்துக்குக் கண் இருக்கிறது என்பது போல. மறைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை, அப்புறம் ரொம்ப நேரம் கோபமாக இருந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"அக்கா, இதான் மொதலா?" பக்கத்து நாற்காலிப் பெண். சின்னப் பெண், கறுப்புப் பர்தா, மேடிட்ட வயிறு, மடியில் முறுக்குப் பொட்டலம். பெயர் ரிஹானா என்று அவளே சொன்னாள், அஞ்சாம் மாசம் என்றும் சொன்னாள், நான் பாட்டிலைத் திறந்து இன்னொரு வாய் குடித்தேன். முதலா? ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உள்ளே கருவே உருவாகாத வெறும் பையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? போன வருஷம் அந்தக் கதவுக்குப் பின்னால் டாக்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கருவியை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் அழுத்தினார், பிறகு கேட்டார், "தேதி கரெக்டாதானே சொல்றீங்க?" சரியாகத்தான் சொல்கிறேன் என்றேன், நான் எதையும் சரியாகச் சொல்கிறவள். "பை நல்லா வளர்ந்திருக்கும்மா. தண்ணி இருக்கு. உள்ள ஒண்ணும் தெரியலை." தண்ணி இருக்கு. உள்ள ஒண்ணும் தெரியலை. படுத்தபடியே எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, இது எங்கள் ஆய்வறிக்கையின் முதல் வரி, இதை எப்படி இவர் சொல்கிறார் என்று. பிறகு நான் வாதாடினேன். சீக்கிரம் பார்த்துவிட்டோம் டாக்டர், கருவியின் திறன் போதாது, கோணம் சரியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைச் சாகவிடாமல் இருக்கக் காரணம் தேடினேன். பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். அந்தப் பத்து நாளும் அது இருந்தது, எனக்குள் இருந்தது, வாந்திகூட வந்தது. ஒன்றும் இல்லாத பைக்கு உடம்பு அவ்வளவு நேர்மையாக வாந்தி எடுத்தது. பத்து நாள் கழித்தும் தண்ணீர்தான். அதனால்தான் இப்போது காலையில் வருகிற வாந்தியை நான் சாட்சியாக ஏற்றுக்கொள்வதில்லை, மார்பு வலியை ஏற்றுக்கொள்வதில்லை, புளிச்சோறு கேட்கிற நாக்கை ஏற்றுக்கொள்வதில்லை. எல்லாம் போன தடவையும் இருந்தன. இருந்தும் ஒன்றும் இல்லை. "ரெண்டாவது," என்கிறேன் ரிஹானாவிடம், சொன்ன பிறகுதான் அதைக் கணக்கில் சேர்த்துவிட்டேன் என்று தெரிகிறது. அவள் "மாஷா அல்லா, பெரிசு ஸ்கூல் போகுதாக்கா?" என்று கேட்டுவிட்டு முறுக்கை நீட்டுகிறாள். நான் ஒரு முறுக்கை எடுத்துக்கொள்கிறேன், கடிக்காமல் கையில் வைத்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் இருக்கிற படத்தில் ஒரு குழந்தை தலைகீழாகக் கிடக்கிறது, அதைச் சுற்றி அம்புக்குறி போட்டுப் பனிக்குடம் என்று எழுதியிருக்கிறது. பிலிப் சார் பார்த்தால், இங்கேயும் பனி, உள்ளே தண்ணீர் என்று துள்ளிக் குதிப்பார். எனக்குப் பொருத்தங்கள் பிடிக்காது. பொருந்துகிறது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது. போன வருஷமும் எல்லாம் பொருந்தியிருந்தது.

முடியவில்லை. இனிமேல் முடியாது. எழுந்து நின்றால் ஒரு விதமாகவும் உட்கார்ந்தால் ஒரு விதமாகவும் அடிவயிறு இழுக்கிறது, நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன், கழிவறைக் கதவு ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்கிறது. போய்விட்டால் மறுபடி குடிக்க வேண்டும், மறுபடி நிறையக் காத்திருக்க வேண்டும், அதற்குள் டாக்டர் போய்விடுவார், நாளைக்கு வா என்பார்கள், நாளை வரை தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருக்கலாம். அடடா, அதற்காகத்தானா இந்தக் கதவு இவ்வளவு அழகாகத் தெரிகிறது? தெரியாமல் இருக்கிற வரைக்கும் அது இருக்கிறது. பார்க்காத வரைக்கும் அந்தக் கடலில் என்ன வேண்டுமானாலும் நீந்தலாம். நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை ஏன் இன்னும் கிட்டேபோய்ப் பார்க்கவில்லை என்று வருஷம் முழுக்கப் புலம்புகிறவள், கையகலத்தில் இருப்பதைப் பார்க்கப் பயந்து கக்கூஸ் வாசலில் நிற்கிறாள். லூர்து அக்கா பார்த்துவிட்டாள். "என்னம்மா, தாங்கலியா? பாதி மட்டும் போயிட்டு நிறுத்திக்கோ." பாதி மட்டும் போய்விட்டு நிறுத்திக்கொள்வதாம். யாரால் முடியும் அது, சொல்லுங்கள், உலகத்தில் யாரால் முடியும்? "அக்கா, நீங்க செஞ்சு பாத்திருக்கீங்களா?" என்று கேட்கிறேன். "நானா? நான் பெத்தப்பல்லாம் ஸ்கேன் ஏதும்மா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் ஆபத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம், லூர்து அக்கா சிரிப்பைத் துடைத்துப்போட்டுவிட்டு, "டாக்டரம்மா வந்துட்டாங்க. கோமதி தில்லைநாயகம், உள்ள வாங்க," என்கிறாள். அய்யோ, இப்போதே வேண்டாம். ரிஹானாவை முதலில் கூப்பிடுங்கள், அவளுக்கு அஞ்சாம் மாசம், அவளுக்கு எல்லாம் தெரியும். முறுக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பைக்குள் போடுகிறேன், அது உடைகிறது, கால்கள் என்னைக் கேட்காமலே கதவைத் தாண்டிப் போய்விட்டன.

அதே படுக்கை, அதே ரெக்சின், மேலே அதே குழல் விளக்கு. திரை டாக்டர் பக்கம் திரும்பியிருக்கிறது, எனக்குத் தெரிவது அவருடைய முகமும் அதன் மேல் விழுகிற சாம்பல் வெளிச்சமும்தான். அடிவயிற்றில் பசை ஜில்லென்று படுகிறது, கருவி அழுத்துகிறது, நிறைந்த பையின் மேல் அழுத்துகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். டாக்டர் பேசவில்லை. போன தடவையும் பேசவில்லை. முகத்தைப் படி, கோமதி, முகம் ஒரு தகவல்தானே. புருவம் சுருங்குகிறது, அது கண்ணாடி சரியில்லாததால் இருக்கலாம். உதடு குவிகிறது, அது பழக்கமாக இருக்கலாம். பொத்தானைத் தட்டுகிறார், அளக்கிறார், எதை அளக்கிறார், பையையும் அளப்பார்கள், வெறும் பையையும் குறுக்கும் நெடுக்குமாக அளப்பார்கள். மறுபடி தட்டுகிறார். இது எத்தனை நேரமாக நடக்கிறது? நான் மூச்சுவிடவில்லை, விட்டால் அசையும், அசைந்தால் படம் கெடும். சரி, தயாராகிக்கொள். கீழே தில்லை நிற்கிறான், அவனுக்குச் சொல்ல வாக்கியம் வேண்டும். தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் அவனுக்குப் புரியும். அம்மாவிடம் சொல்லாதது நல்லது. சனியிலேயே இருந்திருக்கலாம், குருவும் ஒன்றும் கிழிக்கவில்லை. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார், "தேதி கரெக்டாதானே சொல்றீங்க?" முடிந்தது. அதே கேள்வி, அதே குரல், ஒரு சொல் மாறவில்லை. சரியான தேதிதான் டாக்டர் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், வேறு ஒன்று வருகிறது, யாரோ ஒருத்தியின் குரலில், கெஞ்சுகிற குரலில். "உயிர் இருக்கா டாக்டர்?"

"இருக்கே," என்கிறார் சாதாரணமாக, குடையைத் தேடுகிறவரிடம் அதோ மூலையில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "நீங்க சொன்ன தேதிக்கு மூணு நாலு நாள் கூடவே வளர்ந்திருக்கு, அதான் கேட்டேன்." திரையை என் பக்கம் திருப்புகிறார். கறுப்பு. கறுப்புத் தண்ணீர். அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெளுப்பு, அந்த வெளுப்புக்குள் ஏதோ ஒன்று மினுக் மினுக்கென்று அடித்துக்கொள்கிறது. இல்லை. அவசரப்படாதே. "டாக்டர், அது என் நாடியா இருக்கலாம். பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் போகுதில்ல, அதோட அதிர்வு இதுல விழலாம்." அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்க்கிறார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" "இதே மாதிரிதான் டாக்டர். வேற இடத்துல." அவர் கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "அப்ப நீங்களே சரிபாருங்க. கையைப் புடிச்சுப் பாருங்க," என்கிறார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடிக்கிறேன். பயத்தில் என் நாடி தாறுமாறாக ஓடுகிறது, இருந்தும் எண்ண முடிகிறது. திரையைப் பார்க்கிறேன், எண்ணுகிறேன். என்னுடையது இரண்டு அடிப்பதற்குள் அது மூன்று அடிக்கிறது. மறுபடி எண்ணுகிறேன். இரண்டுக்கு மூன்று. டாக்டரின் கை நடுக்கமா? அவர் கை அசையவே இல்லை. கருவியின் கோளாறா? அந்த வெளுப்பில் மட்டும் அடிக்கிறது, சுற்றியிருக்கிற கறுப்பு அசையாமல் இருக்கிறது. என் ஆசையா? ஆசை இவ்வளவு சீராக அடிக்காது. இன்னொரு காரணம் தேடுகிறேன், இன்னொன்று தேடுகிறேன், எனக்குத் தெரிந்த எல்லாக் காரணத்தையும் அதன் மேல் எறிந்து பார்க்கிறேன், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. என்னால் அதைச் சாகடிக்க முடியவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடுகிறது, துடைக்கக் கை இல்லை, ஒரு கை இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட மனசில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். இப்ப எழுந்து போய்ட்டு வாங்க, முதல்ல," என்கிறார் டாக்டர்.

கழிவறையில் தாழ்போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பாக்கியத்தை வார்த்தையில் சொல்ல முடியாது, அழுகையும் அதுவும் ஒன்றாகவே போயிற்று. ரெண்டு வாரம் இருக்கிறது, அதற்குப் பிறகும் எத்தனையோ வாரம் இருக்கிறது, எல்லா வாரத்துக்கும் பயம் தயாராக இருக்கிறது, இருக்கட்டும். சனிக்குத் திரும்பிப் போவதைப் பற்றி இப்போதைக்குப் பிலிப் சாரிடம் வாயைத் திறக்கப் போவதில்லை. வெளியே வந்தபோது ரிஹானா உள்ளே போய்க்கொண்டிருந்தாள், திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். லூர்து அக்கா, "என்னம்மா, பாதியா முழுசா?" என்றாள். "முழுசு," என்றேன். கீழே படியின் கடைசியில் தில்லை என் குடையையும் காலி பாட்டில் ஒன்றையும் பிடித்துக்கொண்டு நின்றான். என் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று, ஆனால் பாவி, அப்போதும் சட்டத்தை மீறவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "விளக்கம் கிடைச்சுதா?" என்றான். கடைசிப் படிவரை இறங்கி அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆபீசுக்கு வடை வாங்கணும் தில்லை," என்றேன். "எல்லாருக்கும்."